"நாளைக்குக் காட்டுகிறேன்" என்ற தரகர் அதன்பிறகு போனை எடுப்பதில்லை

கேள்வி: ஏப்ரல் 21, காலை

நாகர்கோவிலில் வாடகைக்கு வீடு தேடுகிறேன். வங்கி வேலை, மதுரையிலிருந்து மாற்றல். மூன்று தரகர்களிடம் சொல்லி வைத்தேன். மூவரும் முதல் நாள் வாய் நிறையப் பேசினார்கள், நாளைக்குக் காட்டுகிறேன் என்றார்கள். மறுநாளிலிருந்து மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. ஒருவர் மட்டும் முன்னதாக 500 ரூபாய் கேட்டார். கொடுத்தால் வேலை நடக்குமா? இங்கே எல்லாருக்கும் இப்படித்தானா?

பதில்: ஏப்ரல் 21, இரவு

எல்லாருக்கும் இப்படித்தான். பிப்ரவரி கடைசியிலிருந்து நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். என் நோட்டில் ஒன்பது தரகர்களின் எண்கள் இருக்கின்றன. ஒன்பது பேரும் ஒரு முறையாவது 'நாளைக்கு' என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய போனில் மணிக்குப் பதிலாக ஒலிக்கும் பக்திப் பாட்டு என் மகளுக்கு மனப்பாடமாகிவிட்டது. ஜூனில் இரண்டாம் வகுப்புக்குப் போகிறவள். நான் போனைக் காதில் வைத்தாலே அந்தப் பாட்டைத் தொடங்கிவிடுகிறாள்.

நான் கேட்பது பெரிய வீடு இல்லை. தரைத்தளம், இரண்டு அறை, வெஸ்டர்ன் கழிப்பறை, வாசலில் இரண்டு படிக்கு மேல் கூடாது. அம்மாவுக்கு ஜனவரியில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வாரத்தில் இரண்டு நாள் ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போக வேண்டும். இப்போது தக்கலையில் அண்ணன் வீட்டில் இருக்கிறோம். அண்ணனும் மைனியும் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. ஆனால் நான்கு பேருக்குக் கட்டிய வீட்டில் ஏழு பேர் இருக்கிறோம். கணவர் மஸ்கட்டில். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் வீடு கிடைத்தாக வேண்டும்.

500 ரூபாய் நானும் கொடுத்தேன். பெட்ரோலுக்கு என்று கேட்டார். அன்றைக்கே இரண்டு வீடு காட்டினார். கொடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

ஏப்ரல் 23

மேலே எழுதியதில் கடைசிப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன். அவர் காட்டிய இரண்டு வீட்டில் ஒன்று மூன்றாவது மாடி. தரைத்தளம் என்று ஐந்து முறை சொல்லியிருந்தேன். இன்னொன்றில் வேறொரு குடும்பம் அதற்கு முந்தைய வாரமே பால் காய்ச்சிக் குடியேறியிருந்தது. வாசலில் மாவிலை காய்ந்துகூடப் போகவில்லை. அந்த வீட்டு அம்மாதான் கதவைத் திறந்தார், எங்களைப் பார்த்து அவருக்கே சங்கடமாகப் போயிற்று. தரகர் அதன்பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை. அன்று எழுதும்போது ஏதோ வேலை நடக்கிறது என்ற சந்தோஷத்தில் எழுதிவிட்டேன்.

மார்த்தாண்டத்திலிருந்து எழுதிய அக்காவின் கதை இன்னும் மோசம். யாரோ ஒருவர் வீட்டின் புகைப்படங்களை அனுப்பி, 'பதிவுக் கட்டணம்' 1,000 ரூபாயைப் போனிலேயே அனுப்பச் சொல்லியிருக்கிறார். அனுப்பிய பிறகு அந்த எண் அணைந்துவிட்டது. ஆகவே மாற்றிச் சொல்கிறேன்: ஒரு வீட்டைத் திறந்து காட்டியவருக்கு, காட்டிய பிறகு, கையில் கொடுக்கிற பெட்ரோல் காசு வேறு. கண்ணால் காணாத வீட்டுக்குப் போனில் அனுப்புகிற பணம் வேறு. இரண்டாவதை யாரும் செய்யாதீர்கள்.

ஏப்ரல் 28

இன்று நடந்ததை ஆறவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

செட்டிகுளம் சந்திப்புக்குள்ளே ஒரு சந்து. நான்கு மணிக்கு முனையில் நில்லுங்கள், சாவியோடு வருகிறேன் என்று தரகர் சொல்லியிருந்தார். அம்மாவும் பார்க்க வேண்டும் என்றதால் தக்கலையிலிருந்து ஆட்டோ பிடித்தோம். நான்கே காலுக்கு முதல் அழைப்பு. நான்கரைக்கு இரண்டாவது. ஐந்து மணிக்குக் கோடை மழை பிடித்துக்கொண்டது. அம்மா ஆட்டோவுக்குள் காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு மதில் ஓரமாகக் குடை பிடித்து நின்றுகொண்டு மாறி மாறி அழைத்தேன். ஆட்டோக்காரர் நல்ல மனிதர், மீட்டரைப் பற்றிப் பேசவில்லை. ஐந்தே முக்கால் ஆயிற்று.

எதிர்வீட்டு முற்றத்தில் வயதான ஓர் அம்மா காயப்போட்டிருந்த புளியைச் சாக்கில் வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். தலையில் இன்னொரு சாக்கு. என்னை வெகுநேரமாகப் பார்த்தவர், கடைசியில் கூப்பிட்டார்: "யாருக்காக நிற்கிறாய் மக்களே?"

சொன்னேன்.

"அந்த வீட்டுக்கா? சாவி என்னிடம்தானே இருக்கிறது."

உள்ளே போய்க் காலண்டர் மாட்டிய ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்தார். கை முழுக்கப் புளி. சாக்கில் துடைத்துக்கொண்டுதான் கொடுத்தார், இருந்தாலும் சாவி பிசுபிசுத்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் நான் நின்ற இடத்துக்கும் அந்த ஆணிக்கும் இருபது அடிகூட இருக்காது.

வீடு பூட்டிக் கிடந்த வாடை அடித்தது. தரையில் யாரோ விரித்துப் போட்ட பழைய செய்தித்தாள். வாசலில் ஒரே படி. கழிப்பறைக் கதவின் அகலத்தை என் கையால் சாண் போட்டு அளந்தேன், வாக்கர் தாராளமாகப் போகும். புறவாசலில் ஒரு முருங்கை. அம்மா முன்கூடமான தார்சாவில் சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, "இது போதும்" என்றார். பிப்ரவரியிலிருந்து அவர் வாயில் அந்தச் சொல்லைக் கேட்க ஏங்கியிருந்தேன்.

ஏப்ரல் 29

தரகர் இன்று காலை தானாகவே அழைத்தார். நேற்று எடுக்காததற்கு ஒரு சொல் இல்லை. நான் இல்லாமல் எப்படி வீட்டைத் திறந்து பார்த்தீர்கள் என்று சத்தம் போட்டார். உங்கள் தரகு உங்களுக்கு உண்டு, ஒரு மாத வாடகை, அதில் ஒரு ரூபாய் குறையாது என்றேன். தணிந்துவிட்டார். வீட்டு உரிமையாளர் குவைத்தில் இருக்கிறாராம். கேட்டுச் சொல்கிறேன் என்றார். வாடகை 9,000, அட்வான்ஸ் 50,000.

மதுரை நண்பரே, இதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். தரகருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அந்தத் தெருவில் நடங்கள். நம் ஊரில் பூட்டிய வீட்டின் சாவி தரகரிடம் இருப்பது அபூர்வம். சொந்தக்காரர் வளைகுடாவிலோ சென்னையிலோ இருப்பார், சாவி சித்தி வீட்டிலோ எதிர்வீட்டிலோ இருக்கும். மளிகைக் கடையில் கேளுங்கள். தண்ணீர் எப்படி, மழைக்கு ஒழுகுமா, பழைய குடித்தனக்காரர் ஏன் போனார் என்பதெல்லாம் சாவி வைத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

ஆனால் அப்படிப் பார்த்த வீட்டைத் தரகரைத் தள்ளிவிட்டு நேராகப் பேசி முடித்துவிடாதீர்கள். அந்த வீடு காலியாக இருக்கிறது என்று உங்களுக்குச் சொன்னவர் அவர்தான்.

மே 10

பதினொரு நாள் ஆயிற்று. தரகர் எடுக்கவில்லை. நான் அனுப்பிய செய்திகளைப் படித்திருக்கிறார், பதில் இல்லை.

இன்று அம்மாவை ஆசாரிபள்ளத்தில் விட்டுவிட்டு நான் மட்டும் செட்டிகுளத்துக்குப் போனேன். சாவி வைத்திருந்த அம்மா என்னைத் திண்ணையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: குவைத்தில் இருப்பவர் முதலில் சரி என்றிருக்கிறார். பெயரையும் சொந்த ஊரையும் கேட்டபிறகு, தங்கள் ஆட்களுக்குத்தான் கொடுப்போம் என்று சொல்லிவிட்டாராம்.

எது எந்தப் பக்கம் என்று எழுதப்போவதில்லை. இந்த மாவட்டத்தில் மூன்று மதத்தாரும் அடுத்தடுத்த மதிலுக்குள் இருக்கிறோம், ஒரே குளத்தில் குளித்து வளர்ந்தவர்கள். வீடு வாடகைக்கு என்று வரும்போது எல்லாப் பக்கமும் இதைச் செய்கிறது. தங்கள் மதத்துக்குள்ளேயே இன்ன சாதி என்று பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

எனக்கு இன்று உறைத்தது வேறொன்று. என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். போன் எடுக்காமல் போனவர்களில் எத்தனை பேர் முதல் நாளில் பெயரைக் கேட்டார்கள், எத்தனை பேர் 'வீட்டில் ஆண்கள் யார் இருக்கிறார்கள்' என்று கேட்டார்கள் என்று எண்ணினேன். ஒன்பதில் ஆறு. அந்த ஆறு பேரும் சோம்பேறிகள் என்றும் திமிர் பிடித்தவர்கள் என்றும் இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசிய ஒரு பதிலைத்தான் போனை எடுக்காமல் சொல்லியிருக்கிறார்கள். 'உங்களுக்குக் கொடுக்க மாட்டார்கள் அம்மா' என்ற நான்கு சொல். அதைச் சொல்லியிருந்தால் எனக்கு அன்று ஒரு இரவு தூக்கம் போயிருக்கும், பதினொரு நாள் போயிருக்காது.

மே 11

நேற்று எழுதியதற்கு வந்த பதில்களைப் படித்தேன். கருங்கல் ஊர்ப்பக்கத்திலிருந்து எழுதியவர் சொல்வது சரி. தரகர் எடுக்காத எல்லா இடத்திலும் மதத்தைத் தேடக்கூடாது. அவர் கல்யாணம் ஆகாதவர் என்பதற்காக நான்கு மாதம் அலைந்திருக்கிறார். இன்னொருவருக்கு வீட்டில் மீன் சமைப்பார்கள் என்பது தடை. கடல் மூன்று பக்கமும் சத்தம் போடுகிற இந்த ஊரில் இப்படி ஒரு தடை! என்னிடமே இரண்டு தரகர்கள் கணவர் வெளிநாட்டில் என்றதும் குரல் மாறினார்கள். ஒன்பதில் ஆறு என்று நான் எழுதியது என் ஊகம், அவர்களில் எத்தனை பேருக்கு என்ன காரணம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் 'இதெல்லாம் வீட்டுக்காரர் இஷ்டம், தரகர் என்ன செய்வார்' என்று எழுதிய நண்பருக்கு: வீட்டுக்காரர் சொன்னதை எனக்குச் சொல்லலாம். அதற்குக் காசு செலவில்லை.

மே 14

தரகர்கள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அங்கே புகார் கொடுங்கள் என்று இங்கே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பி, அண்ணனின் நண்பரான வழக்கறிஞரிடம் கேட்டேன். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆணையத்தில் பதிவான மனைப்பிரிவு அல்லது அடுக்குமாடித் திட்டங்களில் விற்க வாங்க இடைநிற்கும் முகவர்களுக்குத்தான் அந்தப் பதிவு கட்டாயம். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் வந்து வாடகை வீடு காட்டுகிற நம் தரகர் அதற்குள் வரமாட்டார். ஆகவே அந்த வழி நமக்கு இல்லை.

நமக்கு உதவக்கூடியது வேறு சட்டம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம் என்பதால் விலக்கு இல்லை. முன்பணம், இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. என்னிடம் 9,000 வாடகைக்கு 50,000 கேட்டார்கள், ஐந்தரை மாதத்துக்கும் மேல். அந்த வீடுதான் இல்லை என்றாகிவிட்டது, அடுத்த வீட்டில் இதைப் பேசுவேன்.

ஒத்திக்கு, அதாவது மாத வாடகைக்குப் பதில் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவைத்துக் குடியிருக்கப் போகலாமே என்று கேட்டவருக்கு: மொத்தமாகக் கட்டிவைக்க எங்களிடம் பணம் இல்லை. அப்படிப் போகிறவர்கள் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு லட்சக்கணக்கில் கொடுக்காதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் கொடுங்கள்.

மே 19

வடசேரி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சாயாக்கடை. காலை ஏழரை மணிக்கு நான்கைந்து தரகர்கள் அங்கே கூடுவார்கள் என்று ஆட்டோக்காரர் சொல்லி, நேற்றும் இன்றும் போனேன். பெண்கள் யாரும் அங்கே நிற்பதில்லை. நின்றேன்.

என் நோட்டில் ஏழாவதாக இருக்கிறவர் அங்கே இருந்தார். அந்தப் பக்திப் பாட்டுக்காரர். அறுபதைத் தாண்டியவர். என் பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார், கண்ணாடி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். அண்ணாச்சி, நீங்கள் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். கோபமாகக் கேட்கத்தான் போனேன், அவர் எழுந்து நின்றதில் குரல் இறங்கிவிட்டது.

அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். போன வருடம் நிறைய வீடு காட்டியிருக்கிறார். பலர் வீட்டைப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லி, பின்னால் போய் உரிமையாளரிடம் நேராகப் பேசிக் குடியேறிவிட்டார்கள். அதில் ஒருவர் இவருடைய ஊர்க்காரர், கோவிலில் தினமும் பார்க்கிறவர். அதனால் தெரு, கதவு எண் என்று முதலிலேயே நுணுக்கமாகக் கேட்கிறவர்களைக் கண்டால் இவருக்குப் பயம். நான் முதல் அழைப்பிலேயே கதவு எண்ணைக் கேட்டிருந்தேன். அம்மாவின் படிக்காகக் கேட்டேன், முன்னதாகப் போய் வாசலைப் பார்த்துவிடலாம் என்று. அவருக்கு அது எப்படித் தெரியும்?

இன்னொன்றும் சொன்னார். குவைத்தில் இருக்கிற உரிமையாளர்கள் வெள்ளிக்கிழமைதான் நிதானமாகப் பேசுவார்கள். நமக்கு மாலை ஐந்து என்றால் அங்கே இரண்டரை, வேலை நேரம். உரிமையாளர் பதில் சொல்லாதவரை இவரிடம் நமக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று சொல்ல வெட்கம். மூன்று நாள் கழிந்ததும் எடுக்கவே வெட்கம். அவருடைய சட்டைப் பையில் பழைய காலண்டர் தாளை நான்காக மடித்து வைத்திருந்தார். அதன் பின்பக்கம் பென்சிலில் வீடுகள்: 'பெருவிளை கீழ் 2 ரூம் கிணறு உண்டு', 'ராமன்புதூர் மாடி போர்வெல் உப்பு'. என் பெயரும் இருந்தது. பக்கத்தில் 'அம்மா, படி' என்று எழுதிக் கீழே கோடு போட்டிருந்தார்.

அந்தக் கோட்டைப் பார்த்தபிறகு ஏப்ரலில் இவர்களைப் பற்றி நான் வீட்டில் பேசிய பேச்சை நினைத்துக்கொண்டேன்.

மே 20

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு 'அப்படியானால் தரகர்கள் மேல் தப்பே இல்லையா' என்று கேட்கிறார்கள். இருக்கிறது. வெட்கத்தால் எடுக்காதவர் ஒருவர். என் அம்மாவை மழையில் ஒன்றே முக்கால் மணி நேரம் காக்கவைத்தவர் இன்னொருவர். அவர் வர முடியாது என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம். அதை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

என் வழியை மாற்றிக்கொண்டேன், அது வேலை செய்கிறது, எழுதுகிறேன். காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் மட்டும் அழைக்கிறேன், வண்டியில் ஏறியபிறகு அவர்களுக்குப் போன் கேட்பதில்லை. எடுக்காவிட்டால் குரல் பதிவு அனுப்புவதில்லை, தமிழில் சுருக்கமாக எழுதி அனுப்புகிறேன்: "அண்ணாச்சி, தரைத்தளம் 2 அறை, 10,000 வரை. அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன், படி கூடாது. கணவர் மஸ்கட். பெயர் இன்னது. உரிமையாளருக்கு இதில் எது ஒத்துவராவிட்டாலும் 'இல்லை' என்று ஒரு சொல் அனுப்பினால் போதும், வருத்தப்பட மாட்டேன். உங்கள் தரகு ஒரு மாத வாடகை, ஒப்பந்தம் எழுதும் அன்றே தருவேன்." பெயரைப் பின்னால் சொல்லி வீடு கைநழுவுவதைவிட முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போது கை கூசியது. நம் ஊரில் இதையெல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று.

ஐந்து பேருக்கு அனுப்பினேன். மூன்று 'இல்லை' வந்தது. மைனி, என்ன இத்தனை சந்தோஷமாக இருக்கிறாய் என்று கேட்டார்.

ஜூன் 2

வீடு இல்லை. இன்று தண்ணீர் பற்றி எழுதுகிறேன், மதுரை நண்பர் கேட்டிருந்தார்.

நாகர்கோவிலுக்கு முக்கடல் அணைத் தண்ணீர் குழாயில் வருகிறது. கோடையில் எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதைத் தெருவில் கேளுங்கள், தரகரிடம் கேட்க வேண்டாம். போர் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் நெருங்க நெருங்க உப்பு ஏறும். ஒழுகினசேரி, சுசீந்திரம் பக்கம் பழையாற்றுக் கரையில் வீடு பார்த்தால், 2021 நவம்பர் மழையில் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். புதிதாக வெள்ளை அடித்த வீட்டில் அலமாரியின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், அங்கே யாரும் வெள்ளை அடிப்பதில்லை. நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மழை பெய்கிற நாளில் வீடு பார்ப்பது நல்லது. ஏப்ரல் 28 அன்று நனைந்ததில் அந்த ஒரு பயன் இருந்தது, அந்த வீடு ஒழுகவில்லை என்று கண்ணால் பார்த்தேன்.

குலசேகரத்திலிருந்து ஒருவர், வாங்குகிற இடத்திலும் தரகர் பேசாமல் போய்விட்டார், ஐந்து சென்ட் வீடு, என்ன செய்வது என்கிறார். அண்ணன் தக்கலையில் வாங்கியபோது நடந்ததைச் சொல்கிறேன். அதுவரை தினமும் வந்துகொண்டிருந்த தரகர், மூலப்பத்திரம் வேண்டும் என்று அண்ணன் கேட்ட நாளிலிருந்து காணாமல் போனார். அண்ணன் அவரைத் துரத்தவில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமில்லாமல் பார்த்தார், அந்த இடத்தின் மேல் அடமானம் இருந்தது. வேறு இடம் வாங்கினார். அதிலும் பழைய பத்திரம் மலையாளத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1க்கு முன் நாம் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவர்கள்தானே. படிக்கத் தெரிந்த பெரியவரைத் தேடிப் பிடித்து வரி வரியாகப் படித்துக் கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுத்தார். உங்கள் தரகர் எந்தக் கேள்விக்குப் பிறகு எடுக்காமல் போனார் என்று நினைத்துப் பாருங்கள். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவு 2 சதவீதம் கொடுத்து வாங்கப்போகிறீர்கள், அவசரம் வேண்டாம்.

ஜூன் 16

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. காலையில் ஆறே முக்காலுக்குத் தக்கலையில் பஸ் ஏறுகிறோம். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து 'வாடகைக்கு' அட்டைகளை எண்ணுகிறாள். வில்லுக்குறியிலிருந்து பார்வதிபுரம் மேம்பாலம் வரை நேற்று ஏழு, இன்று ஆறு. "ஒரு வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள் அம்மா" என்றாள். திரும்பும்போது தூங்கிவிடுகிறாள்.

ஜூலை 20

ஆடி பிறந்து நான்கு நாள். ஆடியில் வீடு மாறுகிறவர்கள் குறைவு. வைகாசியிலும் ஆனியிலும் எடுக்காத தரகர்கள் இந்த வாரம் முதல் மணியிலேயே எடுக்கிறார்கள். இதை யாராவது ஏப்ரலில் எனக்குச் சொல்லியிருக்கக்கூடாதா! எங்களுக்கு ஆடியும் ஆவணியும் ஒன்றுதான்.

நான் அழைப்பதற்கு முன் அவரே அழைத்தார், பாட்டுக்காரர். வெட்டூர்ணிமடத்துக்கு உள்ளே, தரைத்தளம், இரண்டு அறை, வாசலில் ஒரு படி. உரிமையாளர் பஹ்ரைனில். 'உங்கள் பெயர், மற்ற எல்லாம் சொல்லிவிட்டேன், அவருக்கு ஒன்றுமில்லை' என்றார். முதலிலேயே அதைச் சொன்னார்.

சாவி இந்த முறையும் அவரிடம் இல்லை, பின்வீட்டில் இருந்தது. ஆனால் அவர் நேரத்துக்கு வந்து நின்றார், நாங்கள்தான் பத்து நிமிடம் தாமதம். அம்மா படியில் காலை வைத்து ஏறி, இறங்கி, மறுபடி ஏறிக் காட்டினார். வாடகை 9,500. அட்வான்ஸ் மூன்று மாதம் என்று நான் சட்டத்தைச் சொல்வதற்கு முன்பே உரிமையாளர் 28,500 போதும் என்றார்.

ஒப்பந்தம் எழுதிய அன்று தரகரிடம் 9,500 கொடுத்தேன். எண்ணினார். எண்ணி முடித்துக் காலண்டர் தாளை விரித்து என் பெயரை அடித்தார், 'அம்மா, படி' என்பதையும் சேர்த்து.

ஜூலை 28

நேற்று குடியேறினோம். இன்று நோட்டை எடுத்து மீதி எட்டுப் பேருக்கும் வரிசையாக அழைத்தேன்: வீடு கிடைத்துவிட்டது, இனி எனக்காகத் தேட வேண்டாம் என்று சொல்ல. எல்லாரிடமும் ஒரு 'இல்லை' கேட்டு ஐந்து மாதம் நச்சரித்தவள், நான் சொல்ல வேண்டிய 'இல்லை'யைச் சொல்லாமல் விடக்கூடாது. மூன்று பேர் எடுத்தார்கள். ஒருவர், சொன்னதற்கு நன்றி அம்மா, யாரும் இப்படிச் சொல்வதில்லை என்றார். செட்டிகுளம் தரகரும் எடுத்தார். அவரிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நடக்கிறார் என்றேன். எடுக்காத ஐந்து பேருக்கும் எழுதி அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 11

மதுரை நண்பரே, இன்னும் விடுதியில்தான் இருப்பதாகப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். எங்கள் எதிர்வீட்டு மாடியில் இன்று காலை 'வாடகைக்கு' அட்டை தொங்கியது. இரண்டு அறை, குழாய்த் தண்ணீர் உண்டு, மாடிப்படி செங்குத்து, உங்களுக்கு அது தடையில்லை. உரிமையாளரிடம் கேட்டுவிட்டேன், தனியாக இருப்பவர் என்றும் சொன்னேன், சரி என்றார். நம் பாட்டுக்கார அண்ணாச்சிதான் தரகர், அவர் எண்ணைத் தனியாக அனுப்புகிறேன், காலை ஏழரைக்கு அழையுங்கள். சாவியை எங்கள் வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறார்கள், காலண்டர் ஆணியில் மாட்டியிருக்கிறேன். மாலை நான்கு மணிக்கு மேல் அவரோடு வாருங்கள், நான் வீட்டில்தான் இருப்பேன்.